மாவால் மூடிய கிடாரம்

பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணிக்காகச் சென்ற வருடம் பத்து நாட்கள் கொழும்பில் தங்கியிருந்தேன். கிராமத்து ஆசிரியர்களுக்கு இது ஆண்டுக்கொரு முறை வாய்க்கின்ற தலைநகர் வாழ்க்கை. பாடசாலையொன்றின் வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கை, காலையில் கடையில் இடியப்பம், இரவில் கொத்து ரொட்டி. ஒன்பதாம் நாள் இரவு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர். கட்டாரில் கட்டட அளவையாளராக நல்ல உத்தியோகம். விடுமுறையில் வந்திருக்கிறார். "சேர், நாளைக்கி இரவு நீங்க என்னோடதான் சாப்பிடோணும். மறுக்கப் படாது" என்றார்.

மறுநாள் அவர் என்னை அழைத்துச் சென்ற இடம் காலிமுகத்திடலுக்கு அருகிலுள்ள ஒரு நட்சத்திர ஹோட்டல். அதற்குள் ஓர் இந்திய உணவகம். கல்விச் சுற்றுலா வருகின்ற ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்கு இஸ்ஸோ வடை வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தத் திடலில் நின்று இந்தக் கட்டடங்களைக் கைநீட்டிக் காட்டியிருக்கிறேன். எத்தனை மாடி என்று எண்ணச் சொல்லியிருக்கிறேன். உள்ளே போனதில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டவர் எனக்குத் தலை வணங்கியபோது, பின்னால் யாரும் பெரிய மனிதர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

உணவகத்தினுள் வெளிச்சம் மிகக் குறைவு. மேசைக்கொரு சிறு விளக்கு. பக்கத்து மேசையில் இருப்பவரின் கை தெரியும், முகம் தெரியாது. பட்டியலைத் திறந்தால், நான் எதிர்பார்த்தபடி கறிகளின் பெயரும் விலையும் மட்டும் இருக்கவில்லை. 'தம்' புரியாணிக்கு ஒரு கதையே எழுதியிருந்தார்கள். இருநூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னர் லக்னோவில் பஞ்சம் வந்ததாம். நவாப் ஒருவர் பசித்த மக்களுக்கு வேலை கொடுக்க ஒரு பெரும் மண்டபத்தைக் கட்டத் தொடங்கினாராம். இரவு பகலாக வேலை செய்தவர்களுக்காக அரிசி, இறைச்சி, மரக்கறி, வாசனைச் சரக்கு எல்லாவற்றையும் பெருங்கிடாரங்களில் இட்டு, மூடியை மாவால் ஒட்டித் தணலில் விட்டார்களாம். ஒரு நாள் நவாப் அந்த மணத்தில் மயங்கிச் சுவைத்துப் பார்த்தாராம். அன்றிலிருந்து அது அரண்மனை உணவாயிற்றாம்.

சிறு செப்புப் பாத்திரம் வந்தது. பரிமாறும் இளைஞர் எங்கள் முன்னால் அதன் மாவு மூடியைக் கத்தியால் சுற்றி வெட்டினார். ஆவி எழுந்தது. நான் கரண்டியோடும் முள்ளோடும் போராடுவதைப் பார்த்த மாணவர், "சேர், வெக்கப்படாதீங்க. இது கையால தின்னுற சாப்பாடுதான்" என்றார். கையால் தின்றேன். ருசி பற்றிப் பொய் சொல்லக் கூடாது. என் வாழ்நாளில் அப்படியொரு புரியாணியை நான் உண்டதில்லை.

எங்களுக்குப் பரிமாறிய இளைஞர் முதலில் ஆங்கிலத்தில் பேசினார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் தமிழுக்கு வந்தார். ஊர்ப் பழக்கத்தில் நான், "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு சிரித்து, "பத்து மணிக்குப் பிறகுதான் சேர்" என்றார். அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பில் வந்தபோது மாணவர் அதை மறைத்துக்கொண்டார். ஆனாலும் தொகை என் கண்ணில் பட்டுவிட்டது. 10 சதவீதச் சேவைக் கட்டணம், 18 சதவீத வற் வரி எல்லாம் சேர்த்து என் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. இரண்டு பேர், ஒரு நேரச் சாப்பாடு.

அன்றிரவு வகுப்பறைப் பாயில் படுத்திருந்தபோது தூக்கம் வரவில்லை. நான் உண்டது சரிதானா?

நம்மவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் முதலில் கேட்பது, ஹலாலா என்பதைத்தான். அதை மாணவர் முன்கூட்டியே விசாரித்துத் திருப்திப்பட்டிருந்தார். ஆனால் நமது மார்க்கம் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு 'தையிப்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. நல்லது, தூயது, மனம் ஒப்புவது என்றெல்லாம் அதற்குப் பொருள் கொள்ளலாம். முதற் சொல்லுக்குச் சான்றிதழ் உண்டு. இரண்டாவது சொல்லுக்கு யாரிடம் சான்றிதழ் கேட்பது?

விலை அதிகம், ஆகவே வீண்விரயம், ஆகவே தவறு என்று சொல்லிவிடலாம். பள்ளிவாசல் பிரசங்கத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எங்கள் ஊரில் ஒரு கலியாண வீட்டில் ஒரே பகலில் சோற்றோடும் இறைச்சியோடும் குழியில் கொட்டப்படுவதன் பெறுமதி அந்த பில்லைவிட எத்தனையோ மடங்கு. அங்கே நாங்கள் ஒரு பருக்கையையும் விடவில்லை. விலையில் ஒரு பகுதி அந்த இளைஞரின் சம்பளம், சமையலறையில் நிற்பவர்களின் சம்பளம். பணக்காரர்கள் நட்சத்திர ஹோட்டலில் உண்பதை நிறுத்தினால் ஏழையின் பீங்கானில் சோறு தானாக நிறையும் என்று நான் நம்பவில்லை. 2020இலும் 2022இலும் உல்லாசப் பிரயாணிகள் வராமல் இந்த ஹோட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பரிமாறும் பிள்ளைகள்தான்.

என்னை நெருடியது விலையல்ல, அந்தக் கதை. விலையுயர்ந்த ஒரு சாப்பாட்டுக்குப் பசித்தவனின் கதை ஏன் தேவைப்படுகிறது?

ஊருக்குத் திரும்பியதும் கிடைத்த புத்தகங்களைத் தேடி வாசித்தேன். கதையின் பெரும்பகுதி உண்மைதான். 1783-84இல் வட இந்தியாவைப் பெரும் பஞ்சமொன்று பீடித்தது. 'சாலீசா' பஞ்சம் என்று அதைச் சொல்வார்கள். அவத் நாட்டின் நவாப் ஆசஃபுத் தௌலா 1784இல் லக்னோவில் பெரிய இமாம்பாராவின் வேலையைத் தொடக்கினார். முஹர்ரம் துக்க வைபவங்களுக்கான மண்டபம் அது. அதன் நடு மண்டபம் ஏறத்தாழ 50 மீற்றர் நீளமும் 16 மீற்றர் அகலமும் கொண்டது. அவ்வளவு பெரிய கூரையைத் தாங்க உள்ளே ஓர் உத்தரமோ தூணோ கிடையாது. இறைவன் கொடுக்காதவனுக்கும் ஆசஃபுத் தௌலா கொடுப்பார் என்று மக்கள் அன்று பேசிக்கொண்டார்களாம். நம் காதுக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் படும். ஆனால் பசித்தவனின் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதால் விட்டுவிடலாம்.

நவாபும் குற்றமற்ற வள்ளல் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கடனுக்காக 1782ஆம் ஆண்டளவில் அவருடைய சொந்தத் தாயாரினதும் பாட்டியாரினதும் செல்வம் பறிமுதலானது. வாரன் ஹேஸ்டிங்ஸின் நெருக்குதலுக்கு நவாபும் இணங்கிப் போனார். பிற்காலத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஹேஸ்டிங்ஸ் மீது நடந்த விசாரணையில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. 1795இல் அவர் விடுதலையானார். ஆக அந்தக் கிடாரத்து அரிசிக்குள் கம்பெனியின் கடனும் குடியானவனின் வரியும் கலந்துதான் இருந்தன. தூய கையால் வந்த தர்மம் என்று உலகில் எத்தனையைக் காட்ட முடியும்? அதற்காகப் பசித்தவன் கையை இழுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. மூடியை ஒட்டித் தணலில் வேகவிடும் முறை லக்னோவில் அந்தப் பஞ்சத்தில் பிறந்ததல்ல. அதற்கு இருநூறு வருடங்களுக்கு முன்னர் அக்பரின் அரசவையில் அபுல் ஃபஸ்ல் எழுதிய 'ஆயினே அக்பரி'யிலேயே 'தம்புஃக்த்' என்ற உணவு குறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஹோட்டல்காரர்களுக்கு இரண்டு கதைகள் கைவசம் இருந்தன. ஒன்று சக்கரவர்த்தியின் சமையலறைக் கதை, மற்றது பசித்த கூலியாளின் கதை. சக்கரவர்த்தியை விட்டுக் கூலியாளையே எடுத்தார்கள். ஏனென்றால் முதற் கதையில் உண்பவன் வெறும் செல்வந்தன். இரண்டாவது கதையில் அவன் ஏதோ ஒரு நல்ல காரியத்தின் வாரிசு போலத் தன்னை உணர்கிறான். விலை கொடுக்கும்போது ஏற்படுகின்ற சிறு கூச்சத்தையும் அந்தக் கதை ஆற்றிவிடுகிறது. என்னையும் அது ஆற்றத்தான் செய்தது. கதையை வாசித்த பிறகுதான் நான் நிம்மதியாகக் கை வைத்தேன்.

சமைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கலையை டில்லியின் நட்சத்திர ஹோட்டலுக்குள் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் இம்தியாஸ் குறைஷி. லக்னோவைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே சமையலறைக்குள் போனவர். மௌரியா ஹோட்டலில் 1980களின் இறுதியில் 'தம் புஃக்த்' என்ற பெயரிலேயே உணவகம் தோன்ற அவருடைய கைதான் காரணம். 2016இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2024 பெப்ரவரியில் காலமானார். அதே டில்லியில், பெஷாவரிலிருந்து பிரிவினையின்போது அகதியாக வந்த குந்தன்லால் குஜ்ரால் 'மோத்தி மஹால்' மூலம் தந்தூரிக் கோழியைப் பிரபலமாக்கினார். இன்று இந்திய உணவகம் என்று உலகமெங்கும் அறியப்படுவதில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தவர்களின், அடுப்படியில் வளர்ந்தவர்களின் கைவண்ணம். அவர்கள் உயர்ந்தது பெருமைக்குரியது. அடுப்படிப் பிள்ளையின் கைக்கு அரச விருது கிடைத்ததை வாசித்தபோது நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் இமாம்பாராக் கதையில் ஒரு பகுதியை அந்தப் பட்டியல் விட்டுவிட்டது. லக்னோவில் இன்றும் சொல்லப்படும் பகுதி அது. பகலில் ஏழைகள் கட்டினார்கள். பஞ்சம் ஏழைகளை மட்டும் பார்த்து வரவில்லை. நல்ல குடும்பத்தவர்களும் படித்தவர்களும் பசித்தார்கள். ஆனால் கூலிக்கு மண் சுமக்க வெட்கம். அவர்களுக்காக இரவு வேலை வைக்கப்பட்டதாம். பகலில் கட்டியதில் ஒரு பகுதியை இரவில் இடிப்பதே அவர்களது வேலை என்றும் சொல்வார்கள். இருட்டில் யார் முகம் யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடாம். இதற்கு எழுத்துச் சான்று எவ்வளவு உண்டு என்பது ஒருபுறமிருக்கட்டும். மக்கள் இதை இவ்வளவு காலமாக நினைவில் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் எனக்குத் தெரியும்.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். நாங்கள் உயிரோடு ஓடி ஒதுங்கியது பிரதான வீதிக்கு மேற்கேயிருந்த ஒரு பாடசாலையில். முதல் நாள் பகல் பக்கத்துத் தமிழ்க் கிராமமொன்றிலிருந்து லான்ட்மாஸ்டரில் சோறும் பருப்பும் வந்தன. மறுநாள் பள்ளிவாசல் கிடாரங்களைக் கொண்டுவந்து வெளியில் அடுப்பு மூட்டினார்கள். எல்லோரும் கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். நான் நிற்கவில்லை. அப்போதுதான் புதிதாக ஆசிரியராகியிருந்தேன். என்னிடம் படிக்கின்ற பிள்ளைகள் அந்த வரிசையில் நின்றார்கள். பெயர் எழுதுவதும் ஆட்களை ஒழுங்குபடுத்துவதுமாக ஓடித்திரிந்து, எனக்குப் பசியில்லாதது போல இரண்டு நாட்கள் நடித்தேன்.

இரண்டாம் நாள் இரவு ஜெனரேட்டர் நின்றது. இருட்டில் எழுந்து கிடாரத்தடிக்குப் போனேன். சோறு ஆக்கியவர் அங்கேயே சாக்கு விரித்துப் படுத்திருந்தார். கையில் டோர்ச் லைட் இருந்தது. அதை அவர் கிடாரத்துக்குள் மட்டும் அடித்தார். என் முகத்துக்கு அடிக்கவில்லை. யார் என்று கேட்கவுமில்லை. அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி, மேலே கொஞ்சம் பருப்பை ஊற்றித் தந்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குரலை வைத்து என்னை அறிந்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஹோட்டலில் என் மாணவர் சொன்னதை இப்போது சொல்ல வேண்டும். பில்லைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "சேர், அண்டைக்கி நான் கோப்பையோட வரிசையில நிண்ட புள்ள. எனக்கு எட்டு வயசு. நீங்க சாப்பிடாம ஓடித் திரிஞ்சத்தக் கண்டனான். உங்களை ஒரு நாள் நல்ல இடத்தில இருத்திச் சாப்பிட வைக்கோணும் எண்டு அப்பவே நினைச்சன்." நான் பேசாமல் இருந்தேன். அன்றிரவு நானும் சாப்பிட்டவன்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போற்றிய தியாகத்தில் பாதி என் வெட்கம் என்பதையும் சொல்லவில்லை.

அவருடைய விருந்தை விலையைக் காரணம் காட்டி மறுத்திருந்தால் அது பெரிய தவறாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் செலவழித்தது நாவின் ருசிக்காக அல்ல. ஒரு பிள்ளை இருபது வருடம் சுமந்த நன்றிக் கடன் அது. அந்த மேசையில் எனக்கு 'தையிப்'பாக இருந்தது அதுதான்.

இருந்தாலும் பட்டியலில் அச்சிட்ட கதையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்றை நினைத்துப் பாருங்கள். இன்னும் இருநூறு வருடத்தில் ஏதோ ஒரு நகரத்தின் உயர்ந்த ஹோட்டலில், மங்கிய விளக்கின் கீழ், 'கிழக்கிலங்கையின் சுனாமிச் சோறு' என்றொரு பதார்த்தம் வரலாம். அடிப்பிடித்த சம்பா அரிசியும் பருப்பும். 'கடல் கொண்ட மக்களுக்காக ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் பிறந்தது' என்று அழகான எழுத்தில் அச்சடித்திருக்கும். உண்பவர் கண் கலங்குவார், பிறகு இன்னும் கொஞ்சம் கேட்பார். சமையல் குறிப்பில் எல்லாம் சரியாக இருக்கும். அந்த டோர்ச் லைட் மட்டும் இருக்காது.

லக்னோக் கிடாரத்தில் வெந்தது அரிசியும் இறைச்சியும் மட்டுமல்ல. யாரும் வரலாம், யாரென்று கேட்கமாட்டோம், உன் முகத்துக்கு வெளிச்சம் அடிக்கமாட்டோம் என்ற ஒரு வாக்கும் அதில் இருந்தது. ஹோட்டல் மணத்தை எடுத்துக்கொண்டது, மாவு மூடியை எடுத்துக்கொண்டது, இருட்டைக்கூட எடுத்துக்கொண்டது. அந்த வாக்கை எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது, அது வியாபாரத்தோடு ஒத்துவராது. அப்படியானால் கதையையும் விட்டிருக்கலாம். சக்கரவர்த்தியின் உணவு என்று எழுதியிருந்தால் அது நேர்மையான வியாபாரமாக இருந்திருக்கும். பசியின் கதையைக் கறிச்சரக்காகப் பாவித்தால் அந்தக் கதைக்கு ஒரு கடன் உண்டு. அது பில்லில் வருவதில்லை.

ஹோட்டலைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அந்த வாக்கு எங்கள் வீடுகளில் இருக்கிறதா? கந்தூரியிலும் கலியாணத்திலும் ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்பதைச் சமத்துவம் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டு வைபவத்தில், பின்வளவில் நின்ற சில பிள்ளைகளுக்குக் கடைசியில் பொலித்தீன் பையில் சோறு கட்டிக் கொடுத்தவன் நான்தான். வரிசையாக நில்லுங்கள் என்று சத்தம் போட்டுச் சொன்னதும் நான்தான். செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழை விடப்படுகின்ற விருந்தைப் பற்றி நபிகளார் எவ்வளவு கடுமையாகச் சொன்னார்கள் என்பது வகுப்பில் நான் கற்பிக்கின்ற பாடம். நமது அழைப்பிதழில் பசியின் கதை அச்சிடப்படுவதில்லை என்பதைத் தவிர, எனக்கும் அந்த ஹோட்டலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

2022இல் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போன மாதங்களில், காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். நாடெங்கும் பல பாடசாலைகளில் அது நடந்தது. எங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து காலைக் கஞ்சிக்கு ஏற்பாடு செய்தோம். முதல் நாள், சாப்பிடாமல் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று நான் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. எப்படி உயரும்? அந்தக் கேள்வியே முகத்துக்கு அடித்த வெளிச்சம். மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றினோம். ஆசிரியர்களும் கோப்பை எடுத்துக்கொண்டு அவர்களோடு குடித்தோம். அரிசி கூடுதலாகச் செலவானது. வேறு வழியில்லை.

மாணவர் அடுத்த விடுமுறையில் வருவார். மீண்டும் அழைத்தால் போவேன். அவருக்காகப் போவேன். ஆனால் இந்த முறை, அந்த இரவு நானும் கிடாரத்தடிக்குப் போனவன் என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். சோறு ஆக்கியவரின் குடும்பம் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. அவர் காலமாகி ஆறு வருடம். அன்று தந்த சோற்றுக்கு நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.